மெருகும் பளிங்குப் பூச்சும்: வடசென்னைக் கரையில் மட்கலத்தின் வரலாறு

திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஆதிபுரீசுவரர் கல்லால் ஆனவர் அல்லர், புற்றுமண்ணால் ஆனவர். ஆண்டு முழுவதும் கவசம் பூண்டு விளங்கும் அத்திருமேனியைக் கார்த்திகைப் பௌர்ணமி தொடங்கி மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றிக் காணலாம். அந்நாட்களில் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்பெறும். நீர் பட்டால் கரையக்கூடியது மண். நெய்ப்பூச்சுப் பெற்றால் நிலைப்பது. மண்ணின் இயல்பறிந்து அதனைக் காக்கும் இம்மரபு, மட்கலத்தின் வரலாற்றைத் தொடங்குவதற்கு ஏற்ற இடமாகும்.

மண்ணை ஒளிரச் செய்ய மாந்தர் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று, மண்ணையே மேலும் நுண்ணியதாக்கி, தேய்த்து, அதன் உள்ளொளியை வெளிக்கொணர்தல். இதனை மெருகு எனலாம். மற்றொன்று, மண்மீது கண்ணாடி போன்ற ஒரு படலத்தை உருக்கிப் படியச் செய்தல். இது பளிங்குப் பூச்சு. தமிழ்நாட்டுக் குயவர் முதல் வழியில் முதிர்ந்தவர்கள். இரண்டாவது வழி பெரும்பாலும் கடல்வழியே இங்கு வந்தது. பழவேற்காடு, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் என நீளும் வடகரை, அவ்வாறு வந்த கலங்களைக் கண்ட கரையாகும். பளிங்குப் பூச்சு இல்லாமையைத் தமிழ் மட்கலத்தின் குறையெனக் கருதும் எண்ணம் நூறாண்டுக்கு மேலாகப் படித்தவரிடையே நிலவி வருகிறது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை வடிவம், மேற்பரப்பு, பூச்சு என்னும் மூன்றின் வழியே நின்று காண்பது தகும்.

வடிவம்

திருகையிலிருந்து முதலில் இறங்குவது முழுப்பானையன்று. வாயும் கழுத்தும் செவ்வனே அமைந்து, உடல் தடித்து, அடி திறந்த நிலையில் உள்ள ஒரு கலமே அறுத்தெடுக்கப்படும். அது நிழலில் சற்று இறுகிய பின்னர், உட்புறம் ஒரு வழவழப்பான கல்லை அணைகொடுத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெலிதாக்கி, அடியை மூடுவர். சக்கரம் தருவது வாய். கை தருவது வயிறு. தட்டுதலால் மண்ணின் துகள்கள் நெருங்குகின்றன; சுவர் மெலிந்தும் வலிமை குன்றுவதில்லை. உருண்ட அடியில் மூலைகள் இல்லை. ஆகவே, அடுப்பின் வெம்மை ஓரிடத்தில் தேங்கிக் கலத்தைப் பிளப்பதில்லை. மூன்று கல் அடுப்பிலும் கடற்கரை மணலிலும் பெண்ணின் இடுப்பிலும் தலைச்சும்மாட்டிலும் அவ்வடி பொருந்தி அமரும். தட்டையான தரைக்கெனவோ அலமாரிக்கெனவோ அது செய்யப்படவில்லை.

தமிழரின் கலமரபு அடுக்களையோடு நிற்பதும் அன்று. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் கண்ட தாழிகள், மாந்தர் உடலையே ஏந்தும் அளவினவாக வனையப்பட்டவை. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கால்களோடு கூடிய சுடுமண் ஈமப்பேழைகள் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்தன. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் குயவரை விளித்துப் பேசுவன. இறந்த மன்னனுக்கு ஏற்ற அளவில் தாழி வனைய இயலுமோ என்று ஒரு புலவர் வினவுகிறார். துணையை இழந்த ஒருத்தி, தன்னையும் உள்ளடக்கும் அகலத்தில் தாழியை வனையுமாறு வேண்டுகிறாள். துயரம் மிக்க வேளையில் புலவர் நேர்நின்று பேசும் கைவினைஞர் குயவர் என்பது எண்ணத்தக்கது. வடிவத்தின் அளவைத் தீர்மானிப்பவராகவே அவர் ஈண்டு விளிக்கப்படுகிறார்.

மேற்பரப்பு

வடிவம் முற்றிய கலத்திற்கு மேற்பரப்பை அமைத்தல் அடுத்த பணி. காவிமண்ணை நீரில் கரைத்து, பருமணல் கீழே படிய விட்டு, மேலே நிற்கும் நுண்குழம்பை எடுத்துக் கலத்தின்மீது தடவுவர். அது முற்றும் உலர்வதற்கு முன் கூழாங்கல்லால் தேய்ப்பர். தேய்க்கத் தேய்க்க நுண்துகள்கள் ஒரே போக்கில் படிந்து ஒளியை வீசத் தொடங்கும். கலத்தின் மண்ணும் அதன் மெருகும் ஒரே இனம். ஒன்றைப் பிரித்து மற்றொன்றை உரிக்க இயலாது.

நிறத்தையும் குயவர் தீயைக் கொண்டே எழுதினர். மண்ணிலுள்ள இரும்பு, காற்றோட்டம் மிக்க சூளையில் சிவக்கும். காற்றுக் குறைந்து புகை சூழின் கறுக்கும். தமிழகத்துப் பெருங்கற்கால இடங்களில் மிகுதியாகக் கிடைக்கும் கறுப்பு–சிவப்பு மட்கலம் இவ்விரண்டையும் ஒரே கலத்தில் பெற்றது. உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்திருக்க, புறவுடல் சிவந்திருக்கும். கலத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டதால் இவ்வண்ணம் நேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சாயமின்றி, பூச்சின்றி, காற்றை அளந்து விடுவதால் மட்டுமே பெற்ற இருநிறம் அது.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வு இங்கு நினைவுகூரத்தக்கது. இத்தாலியிலிருந்து வந்த செம்மெருகுக் கலங்களின் துண்டுகளும், உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் பொறித்த ரௌலட்டட் மட்கலமும் அங்கு ஒருசேரக் கிடைத்தன. ரௌலட்டட் கலத்தின் நேர்த்தியைக் கண்ட வீலர், அதனையும் மத்தியதரைக்கடல் நாட்டதெனக் கருதினார். 1990களில் வி. டி. கோக்டே செய்த எக்சுகதிர் ஆய்வு, அதன் மண் வங்கத்தின் கங்கை முகத்துவாரப் பகுதி மண்ணோடு ஒத்திருப்பதைக் காட்டியது. நேர்த்தியானது எனில் வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இஃது ஒரு சான்று. மற்றொரு செய்தியும் உண்டு. உரோமரின் புகழ்பெற்ற அச்செங்கலத்தின் ஒளியும் பளிங்குப் பூச்சன்று. மிக நுண்ணிய களிமண் குழம்பு தீயில் இறுகியதால் பெற்ற பளபளப்பே ஆகும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையில் எதிர்ப்பட்ட இருவகைக் கலங்களும் மெருகின் வழியைச் சார்ந்தவையே.

பளிங்குப் பூச்சு இல்லாத மேற்பரப்பு தமிழுக்குச் செய்த தனிக்கொடை ஒன்று உண்டு. அஃது எழுத்தை ஏற்றது. கண்ணாடிப் படலம் போர்த்த கலத்தின்மீது சுட்டபின் எழுதுதல் அரிது. கூரிய முனையும் வழுக்கிச் செல்லும். பூச்சற்ற பானையின் தோள் ஓர் ஆணிக்கும் இடங்கொடுக்கும். அரிக்கமேடு, கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் முதலான பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. செங்கடற்கரையில் எகிப்தின் குசேர் அல்காதிம் என்னுமிடத்தில் கிடைத்த சேமக்கலம் ஒன்றின் உடைந்த துண்டுகளில் ‘பானை ஒறி’ என்னும் சொற்கள் இருமுறை எழுதப்பட்டிருப்பதை ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். அரசர் பெயரோ கொடைச் செய்தியோ அன்று. தன் பானை இன்னதென ஒருவர் குறித்துவைத்த வீட்டுச்சொல் அது. கல்வெட்டுகள் வேந்தரையும் வணிகரையும் துறவியரையும் பேசும்போது, எளியோர் கையெழுத்தைக் காத்துத் தந்தவை பூச்சற்ற ஓடுகளே. தமிழ்ப் புலவர்தம் எழுத்துமரபு இவ்வோடுகளுக்கும் கடன்பட்டுள்ளது.

கடல் தந்த பளிங்கு

பளிங்குப் பூச்சு என்பது கலத்தின்மேல் படிந்த மெல்லிய கண்ணாடியே. அதற்கு வேண்டியவை மூன்று: கண்ணாடியாகும் மணற்சத்து, அதனை உருகச்செய்யும் சாம்பல், உப்பு, ஈயம் போன்ற ஒன்று, உருகியது வழிந்தோடாமல் கலத்தைப் பற்றி நிற்கச்செய்யும் களிமண்சத்து. மணற்சத்து தனித்து உருகுவதற்கு ஏறத்தாழ 1700 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். சாம்பலையோ உப்பையோ கூட்டினால் அது 1200 அளவில் உருகும். ஈயத்தைக் கூட்டினால் இன்னும் தாழ்ந்த வெப்பமே போதும்.

விறகும் வைக்கோலும் வறட்டியும் கொண்டு திறந்த வெளியில் மூடி எரிக்கும் நாட்டுச் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 900 பாகைக்குள் அடங்கும். சாம்பற் பூச்சுக்கு அது போதாது. ஈயப்பூச்சுக்குப் போதும், ஆயினும் புளிப்புப் பொருள்பட்டால் ஈயம் கரைந்து உணவில் நஞ்சாகக் கலக்கும். குழம்பும் ரசமும் புளியின்றி அமையாத தமிழர் அடுக்களைக்கு அத்தகைய பூச்சு எவ்வகையிலும் பொருந்தாது. மேலும், குளிர்ந்த நீரைத் தருவதே பானையின் தலையாய தொழில். சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெம்மையை எடுத்துச் செல்கிறது. அத்துளைகளைக் கண்ணாடியால் அடைத்தால் பானை குளிர்விப்பதை நிறுத்திவிடும். வெயில் மிக்க நாட்டின் குயவருக்குத் துளையே செல்வம்.

வெம்மை மிக்க சூளைகளும் வெண்களிமண்ணும் வாய்த்த சீனத்தார் வேறு வழியில் சென்றனர். செகியாங் மாநிலத்து லுங்சுவான் சூளைகள், சிறிதளவு இரும்பு கலந்த சாம்பற் பூச்சைக் காற்றுக் குறைந்த தீயில் சுட்டுப் பச்சைநிறப் பளிங்கைப் படைத்தன. சிங்தெசென் நகரம் வெள்ளைப் பீங்கானின்மீது கோபால்ட்டு நீலத்தால் ஓவியம் தீட்டியது. அந்நகரை அடுத்த காவோலிங் என்னும் குன்றின் பெயரே வெண்களிமண்ணுக்குக் கயோலின் என உலகெங்கும் வழங்குகிறது.

சோழர் தூதுவர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவையை அடைந்த செய்தியைச் சீன ஆவணங்கள் குறிக்கின்றன. சீனப் பீங்கான் ஏற்றுமதியின் பெருந்துறையாக விளங்கிய சுவான்சௌ நகரில், 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று சிவன் கோயில் ஒன்று அங்கு அமைந்ததைத் தெரிவிக்கிறது. தமிழ் வணிகர் அத்துறையில் வாழ்ந்த காலத்தில்தான் பச்சைப் பீங்கான் தமிழகத் துறைகளுக்கும் வந்தது. இராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் 1980களில் மேற்கொண்ட ஆய்வுகள் சீனப் பீங்கான் ஓடுகளை வெளிக்கொணர்ந்தன. கங்கைகொண்ட சோழபுரத்திலும் அத்தகைய ஓடுகள் கிடைத்துள்ளன.

வடகரையில் இவ்வரலாறு பழவேற்காட்டில் தொடர்கிறது. 1613இல் அங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய டச்சுக் கம்பெனி, 1690 வரை அதனைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. சீனப் பீங்கானையும் சப்பானியப் பீங்கானையும் ஆசியத் துறைகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேற்றிய நிறுவனம் அதுவே. பின்னர்ச் சென்னைப்பட்டினம் எழுந்தது. துறைமுகச் சுவர்கள் தோன்றும் முன்னர்க் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்குகளைக் கரைசேர்த்தன. உடையக்கூடிய பீங்கானும் அவ்வாறே மீனவர் தோள்வலியால் கரை கண்டது. சார்ச் டவுனில் இன்று நேதாசி சுபாசு சந்திர போசு சாலை எனப்படும் தெருவுக்குச் சைனா பஜார் என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது.

மொழியும் இவ்வருகையைப் பதிந்துள்ளது. பானை, சட்டி, குடம், கலயம், தாழி, மிடா, அகல் என மண்ணில் பிறந்தவற்றுக்குத் தமிழில் பெயர்கள் நிரம்ப உள்ளன. பளிங்குப் பூச்சுக் கலத்தைக் குறிக்கும் ‘பீங்கான்’ என்னும் சொல்லோ பாரசீகத்துப் ‘பிங்கான்’ என்பதோடு இனமானது. மலாய்மொழியில் தட்டைக் குறிக்கும் சொல்லும் அதன் உறவே. கடலில் வந்த பொருள் தன் பெயரையும் உடன் கொண்டுவந்தது.

ஜாடியும் பானையும்

வந்த கலத்தைத் தமிழ் இல்லம் எவ்வாறு ஏற்றது என்பதே இவ்வரலாற்றின் அரிய பகுதி. பானையை நீக்கிப் பீங்கானை அமர்த்தவில்லை. இரண்டிற்கும் தனித்தனித் தொழிலைப் பகுத்தளித்தது. நீருக்கும் சோற்றுக்கும் மீன் குழம்புக்கும் மண்கலம். உப்பும் எலுமிச்சையும் மாங்காயும் மாதக்கணக்கில் ஊறுவதற்குப் பீங்கான் ஜாடி. உப்பும் புளிப்பும் மண்ணின் துளைகளில் புகுந்து கலத்தைச் சிதைக்கும். பளிங்குப் பூச்சின்மேல் அவை செயலற்று நிற்கும். மூச்சுவிட வேண்டியதற்கு மூச்சுவிடும் கலமும், மூச்சடக்க வேண்டியதற்கு மூச்சடக்கும் கலமும் வாய்த்தன. இப்பகுப்பைச் செய்தவர்கள் அறிஞர்கள் அல்லர், பெண்கள்.

மேற்பகுதி பழுப்பும் கீழ்ப்பகுதி வெள்ளையுமாக அமைந்த ஊறுகாய் ஜாடியை அறியாத தமிழ் வீடில்லை. அவ்விரு நிறத்திற்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. இங்கிலாந்தின் பிரிசுடல் நகரில் 1835ஐ ஒட்டி வில்லியம் பவல் என்பவர் ஈயம் கலவாத புதிய பூச்சொன்றைக் கண்டார். கலம் முழுவதையும் வெளிர்ப்பூச்சில் தோய்த்து, தலைப்பகுதியை மட்டும் இரும்புச்சத்து மிக்க பூச்சில் தோய்த்து ஒரே முறை சுடுவர். தலை பழுக்கும், உடல் வெளுக்கும். பிரிசுடல் பூச்சு என அதற்குப் பெயர் வந்தது. மதுவும் வினிகரும் நிரப்பப் பிறந்த அக்கல்வகைச் ஜாடி, கப்பலேறி இந்தியாவுக்கு வந்து ஆவக்காய்க்கும் நார்த்தங்காய்க்கும் உரியதாயிற்று. பின்னர் இந்நாட்டுச் சூளைகளிலும் அதே இருநிறத்தில் வார்க்கப்பட்டது.

இரண்டு கலங்களும் காலத்தையும் வேறு வேறாகக் கொண்டன. ஜாடி தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். விளிம்பு உடைந்தாலும் வீசப்படுவதில்லை. பானையோ பொங்கல்தோறும் புதிதாகும். மணவீட்டில் அரசாணிப் பானையாய் வண்ணம் பெறும். இடுகாட்டில் கொள்ளிக்குடமாய்த் துளைபட்டு உடையும். ஒன்று நிலைத்து நின்று பயன்படுகிறது. மற்றொன்று உடைந்து உடைந்து குயவரின் வாழ்வை நிலைநிறுத்துகிறது. பானை உடையாத ஊரில் திருகை சுழல்வதில்லை.

அளவுகோலின் பிழை

இப்பகுப்பு குலைந்த கதை 19ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. மருத்துவர் அலெக்சாண்டர் அண்டர் 1850இல் சென்னையில் ஓவியப் பள்ளியொன்றைத் தம் முயற்சியால் நிறுவினார். மறு ஆண்டு தொழிற்கலைப் பிரிவும் அதனோடு சேர்ந்தது. விரைவில் அரசு அதனை ஏற்றது. செங்கல், ஓடு, குழாய், மட்கலம் ஆகியவற்றைச் செம்மையாக்குதல் அப்பள்ளியின் நோக்கங்களுள் ஒன்று. உள்நாட்டுக் களிமண் வகைகளைத் தேர்ந்து பளிங்குப் பூச்சுக் கலங்கள் அங்குச் செய்யப்பட்டன. அண்டரின் உழைப்பு பாராட்டத்தக்கது. அவர் தொடங்கிய பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. சுடுமண் பீங்கான் கலை அங்குத் தனித்துறையாகப் பயிற்றுவிக்கப்படுகிறது.

ஆயினும் அக்காலக் கண்காட்சிகளும் அறிக்கைகளும் ஒரு படிவரிசையைப் படித்தவர் மனத்தில் பதித்தன. பூச்சற்ற மண்கலம் அடிப்படி, பூச்சுப் பெற்ற கலம் இடைப்படி, வெண்பீங்கான் தலைப்படி. உடையாமை, வழவழப்பு, வெண்மை என்னும் மூன்றும் அளவுகோல்களாயின. குளிர்வித்தல், தீயைத் தாங்குதல், ஆண்டுதோறும் புதிதாதல் ஆகியவை அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. ஜாடியின் அளவால் பானை அளக்கப்பட்டது, பானை தோற்றது.

கலைப்பள்ளிக்கு வெகுதொலைவில் இல்லாத கொசப்பேட்டை இதற்குச் சாட்சி. குயவரைக் கொசவர் என்பது சென்னை வழக்கு; அவர்கள் பேட்டையே கொசப்பேட்டை. ஏரிகளும் குளங்களும் சூழ்ந்த நாளில் வண்டல் எடுத்து வனைந்த குடிகள் அவர்கள். நகரம் பெருகி நீர்நிலைகள் தூர்ந்தபோது மண் தொலைவுக்குச் சென்றது. பித்தளை, அலுமினியம், எவர்சில்வர், பிளாசுடிக் என ஒவ்வொன்றாக நுழைந்து பானையின் தொழில்களைப் பங்கிட்டுக்கொண்டன. கொசப்பேட்டைக் கைகள் கொலுப்பொம்மைக்கும் விநாயகர் திருவுருவத்திற்கும் திரும்பின.

பளிங்குப் பூச்சு வேறிடங்களில் வேரூன்றியது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்கு ஓடியது. அப்பகுதியைச் சார்ந்த இராணிப்பேட்டையில் 20ஆம் நூற்றாண்டில் பாரி நிறுவனத்தின் ஆலை, வெண்பூச்சுப் பெற்ற கழிவறைச் சாதனங்களைச் செய்தது. வேலூரை அடுத்த கரிகிரியில் கைவினைஞர்கள் பச்சையும் பழுப்பும் நீலமுமான பூச்சுக் கலங்களை வனைந்தனர். விருத்தாசலம் பீங்கான் தொழிலின் ஊராயிற்று. புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா சுமித் இருவரும் 1971இல் நிறுவிய கோல்டன் பிரிட்சு மட்கலப் பட்டறை, உயர்வெப்பச் சூளையில் கைவினைப் பூச்சுக் கலங்களைச் செய்ததோடு, இந்தியக் கலைஞர் பலரைப் பயிற்றுவித்தது. இவர்கள் கையில் பூச்சு அழகின் மொழியாயிற்று. பூச்சுக் கலத்தை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்றன் அளவால் மற்றொன்றை இகழ்வதே பிழை.

பூச்சற்ற கலத்தின் மாண்புக்கு மானாமதுரையும் ஒரு சான்று. அவ்வூர்க் கடம் இசையரங்கில் ஒலிப்பது, பலமுறை தட்டிச் செறிந்த அதன் சுவரால். மானாமதுரை மட்கலத்திற்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

உப்பும் சாம்பலும் மணலும்

இனி மீண்டும் வடகரைக்குத் திரும்புவோம். கொசத்தலை ஆறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. ஆற்று வண்டல், கடற்கரை மணல், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதி உப்பளங்களின் உப்பு ஆகியவை அங்கு உண்டு. களிமண்சத்தும் மணற்சத்தும் உருக்கும் உப்பும் ஒரே கழிமுகத்தில் கூடிய இடம் அது. செருமனியின் ரைன் ஆற்றங்கரைக் குயவர், கொதிக்கும் சூளைக்குள் கறியுப்பை அள்ளி எறிந்து, அதன் ஆவியைக் கலத்தின் மண்ணோடு இணையச் செய்து, நாரத்தைத் தோல் போன்ற புள்ளிப் பளிங்கைப் பெற்றனர். எண்ணூரில் உப்பு மீனைக் கருவாடாக்கியது, சோற்றுக்குச் சுவையாயிற்று. கலத்தின்மேல் அது படியவில்லை. தமிழ்க் கலத்திற்கு அது தேவைப்படவுமில்லை.

உயர்வெப்பச் சூளை இக்கரைக்கு வந்தபோது பானைக்காக வரவில்லை. 1950களில் திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சல் ஆலை எழுந்தது. அங்குச் செய்யப்படும் சாணைச் சக்கரங்களுள் ஒருவகை, அரைக்கும் மணிகளைக் களிமண்ணும் பளிங்காகும் தாதுக்களும் கொண்டு பிணைத்துச் சுட்டதாகும். பளிங்கு அங்குக் கலத்தின் போர்வையன்று. இரும்பைத் தேய்க்கும் கருவியின் எலும்பு. குயவர் திருகை மண்ணை வனையச் சுழன்றது. ஆலைச் சக்கரம் உலோகத்தை அரைக்கச் சுழல்கிறது.

சாம்பலும் வந்தது. 1970களில் மின்னாக்கம் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. 1994இல் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம் தொடர்ந்து இயங்குகிறது. நிலக்கரி எரிந்த சாம்பலில் மிகுந்திருப்பவை மணற்சத்தும் களிமண்சத்தும் சிறிது இரும்பும். சீனக் குயவர் அளந்து அளந்து பூச்சில் கலந்தது விறகுச் சாம்பல். இங்கு அளவின்றிக் குழாய் உடைந்து கழிமுகத்தில் படிந்தது நிலக்கரிச் சாம்பல். ஆற்றின் அடியை அது மூடியது. இறால் வளரும் சேற்றை மூடியது. மூச்சுவிட வேண்டிய மண்ணின்மீது மூச்சடக்கும் போர்வை விழுந்தது. மீனவர் பல்லாண்டு போராடியும் நீங்காத பூச்சு அது. கலத்தில் அழகாகும் பொருளே இடமும் அளவும் தவறியபோது கழிமுகத்தின் கேடாயிற்று.

ஓடும் பொன்னும்

திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் அடங்கிய இடம் உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல்வணிகர் குடியில் பிறந்து, அனைத்தையும் துறந்தவர் அவர். அவருடைய அடியவரான பத்திரகிரியார் இரந்துண்ண ஓர் ஓட்டையும், உடன் ஒரு நாயையும் வைத்திருந்தார் என்றும், அது கொண்டே அவரைக் குடும்பத்தார் எனப் பட்டினத்தார் குறித்தார் என்றும் வழக்குண்டு. துறந்தவர்க்கும் கடைசியாக மிஞ்சும் உடைமை ஒரு கலம் என்பதனை அக்கதை உணர்த்துகிறது.

பெரியபுராணம் பாடும் திருநீலகண்ட நாயனார் தில்லைக் குயவர். சிவயோகியாய் வந்த இறைவன் அடைக்கலமாகத் தந்த ஓடு காணாமற்போக, நாயனார் வேறு நல்லோடு தர முன்வந்தார். பொன்னாலானது தரினும் கொள்ளேன், தான் தந்த மண்ணோடே வேண்டும் என்றார் யோகியார். ஒரு கலத்திற்கு மற்றொன்று, அது பொன்னேயாயினும், ஈடாகாது என்பதை ஒரு குயவர் வீட்டு வாயிலில் இறைவன் கூற்றாகவே சேக்கிழார் வைத்தார். அளவுகோலின் பிழையை அந்நூல் எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே திருத்திவிட்டது.

ஆவணி மாதத்தில் கொசப்பேட்டைத் தெருக்களில் விநாயகர் உருவங்கள் வரிசையாக உலர்கின்றன. அவற்றுள் பலவும் சுடாத மண்ணால் ஆனவை. சூளையும் இல்லை, பளிங்கும் இல்லை. கையின் மெருகு மட்டும் உண்டு. பூசை முடிந்த பின் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அவை கடலில் கரைக்கப்படுகின்றன. கரைவதற்கென்றே வனையும் கலைஞருக்குக் கரையும் மண்ணின் அருமை தெரியும். அதே கரையில், ஆண்டுக்கு மூன்று நாள் கவசம் நீங்கி நிற்கும் புற்றுமண் திருமேனியைக் காண மக்கள் வரிசையில் நிற்கின்றனர். வெள்ளியும் பொன்னும் கவசமாகலாம். அவர்கள் காண வருவது மண்ணை.